நாக்கில் வராத ஊர்

எனக்குச் சரியாக நினைவில்லை; லட்லோ நகரைத் தாண்டிய பிறகுதான் தங்கை ஹேசல் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

காரை அவள் ஓட்டினாள். என் மடியில் கணவர் டெரிக்கின் சாம்பல் பெட்டி இருந்தது. வருடாவருடம் அவர் தனியாக மீன்பிடிக்கப் போன வேல்ஸ் கடலில் கரைக்க வேண்டும். எங்கள் இருவருக்குமே புது ஊர்.

வெகுதூரம் வந்தோம். பிறகு வரைபடத்தில் ஊர்ப் பெயரைப் படிக்கத் திணறினேன்.

“லான்... லாங்...”

“அக்கா, நாக்கு சுளுக்கிக்கப் போகுது,” என்ற ஹேசல், அதை வேல்ஸ்காரி போலவே சொன்னாள்.

“எங்கடி கத்துக்கிட்ட?”

“டிவியில.”

கடற்கரை டீக்கடைக்காரி கோப்பைகளை வைத்துவிட்டு ஹேசலிடம் கேட்டாள்: “இந்த வருஷம் உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?”

ஹேசல் தலை நிமிரவில்லை.

“வந்திருக்கார்,” என்று பெட்டியைக் காட்டினேன்.

டெரிக் அந்தக் கடலில் இருக்கிறார். ஹேசல் அங்கேயே குடியேறிவிட்டாள். எனக்கு இன்னும் அந்த ஊர்ப் பெயர் சொல்ல வரவில்லை.