எட்டாத தாழ்ப்பாள்

"இந்த உசரம் பத்தாதுங்க. தாழ்ப்பாளை இன்னும் மேல ஏத்துங்க" என்றாள் சகாயராணி.

வேலி போட்ட கம்பெனியிலிருந்து சோதித்துப் பார்க்க வந்திருந்த மதியழகனுக்கு அலுப்பாக இருந்தது. அரூரை ஒட்டிய அந்தத் தோட்டத்து வீட்டில் நீச்சல் குளத்தைச் சுற்றி எட்டடிக்குக் கம்பி வேலி. கேட்டைத் திறந்து விட்டால் தானே வந்து சாத்திக்கொள்கிறது. மூன்று முறை பார்த்தாயிற்று. இன்னும் என்னதான் வேண்டுமாம்?

"அக்கா, சின்னப் புள்ளைங்க முக்காலி போட்டு ஏறினாக்கூட எட்டாது."

"எட்டும். உங்களுக்குத் தெரியாதுங்க."

"சரியான வாலா இருக்கும்போல!" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "எந்நேரமும் அம்மா அம்மான்னு என் முந்தானையைப் புடிச்சிட்டேதான் திரிவாங்க. வேலி போடறதுக்கு மொத நாளு, கஞ்சிய எறக்கி வெச்சுட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். ஒட்டுத்துணி இல்லாம தண்ணியோரம் நின்னுக்கிட்டு, ஒரு காலைத் தூக்கிட்டாங்க. ஐயோ, என் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க."

நடை பழகும் பிள்ளைக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர்தானே இது. மதியழகனின் அம்மாவும் அப்படித்தான். அவனுடைய அலுப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது.

"பேசாம தண்ணிய எறக்கி வுட்டுடுங்கக்கா. கொஞ்சம் வளர்ந்த பொறவு ரொப்பிக்கலாம்."

சகாயராணி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எறக்கியும் பாத்தேங்க. ரெண்டு நாளு ஒருவாய்க் கஞ்சிகூட உள்ள எறங்கல. தண்ணியக் காட்டிக் காட்டித்தான் ஊட்ட வேண்டியிருக்கு. அதுக்காக அப்படியே வுட்டுட முடியுமா? நான் கண்ணசந்த நேரத்துல ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"அழாதீங்கக்கா. தாழ்ப்பாளை ஏழடிக்கு ஏத்தி, சாவிப் பூட்டும் வெச்சுத் தந்துட்டுத்தான் இன்னிக்கு வூட்டுக்குப் போவேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"புள்ள பேரு சொல்லுங்க."

"சவரிமுத்து."

தாத்தா பேரை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடியே எழுதினான்.

"வயசு? மூணா, நாலா?"

"எழுபத்தாறுங்க" என்றாள் சகாயராணி. "என்னைப் பெத்த அப்பா."