சனிக்கிழமை ஐஸ்

“அந்த டாக்டரம்மா பேர் சொல்லாம விட்ட கிரவுண்டு உம்மோடதுதான் வே!”

தலைமையாசிரியர்கள் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது முக்கூடல் பள்ளித் தலைமையாசிரியர் குற்றாலலிங்கம் இப்படிப் போட்டு உடைத்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியரான ஹரிஹரசுப்பிரமணியனுக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை.

டாக்டர் ப்ரீத்தி, பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கபடி ஆடும் பெண்களுக்கு வருகிற முட்டி வலியைப் பற்றித்தான் அன்று பேசினார். ஒரே ஒரு மைதானத்தில் மட்டும் எக்கச்சக்கமான பேர் வலியோடு வருகிறார்கள் என்றார். எந்தப் பள்ளி என்று கேட்டதற்கு, வெளியில் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, குற்றாலலிங்கம் இருக்கிறாரே!

“பஸ்ஸுல போகையில நானே பார்த்தேன் வே. சனிக்கிழமை காலையில உம்ம கிரவுண்டுல முட்டியில ஐஸைக் கட்டிக்கிட்டு பிள்ளைக வரிசையா உக்காந்திருக்கு. உம்ம பி.டி. டீச்சர் பிள்ளைகளைப் பிழிஞ்சு எடுக்காங்க போல. எங்க டீம்ல ஒருத்திக்கு ஒரு சுளுக்குகூடக் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஃபைனல்ல பாரும்!”

கபடி ஃபைனல் இந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையில்தான்.

ஹரிஹரசுப்பிரமணியன் ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். ஆயிரத்துச் சொச்சம் பெண்களில், மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களைத் தவிர யார் முகமும் அவருக்குத் தெரியாது. மைதானத்துப் பக்கம் போவதே அபூர்வம். வெயில் அவருக்கு ஆகாது.

ஆனாலும் மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே போய் நின்றுவிட்டார்.

குற்றாலலிங்கம் சொன்னதில் பொய்யில்லை. வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு டீ ஷர்ட். கேரி பேக்கில் ஐஸைப் போட்டு, துண்டால் முட்டியில் கட்டியிருந்தார்கள். மீன் கடையில் வாங்கிய ஐஸ். வாடை கேட் வரைக்கும் வந்து வரவேற்றது.

பி.டி. டீச்சர் ரீபா ஒரு பெண்ணை இரண்டு செங்கல் உயரத்திலிருந்து குதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, இறங்கும்போது முட்டி உள்ள சாயக் கூடாது. கால் விரலுக்கு நேரா நிக்கணும். பைய... பைய... ஆங், அப்படித்தான்!”

டாக்டர் ப்ரீத்தி பக்கத்தில் குத்தவைத்து, அந்தப் பெண்ணின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா?”

ரீபா திடுக்கிட்டுத் திரும்பினார். “வணக்கம் சார்...”

தலைமையாசிரியர் வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வரிசையில் முதலில் இருந்தவளிடம் போனார்.

“எவ்வளவு நாளா வலிக்கு?”

“மழை சமயத்துல இருந்து சார்.”

“வீட்டுல சொன்னியா?”

“சொன்னா விளையாட விடமாட்டாங்க சார். டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.”

அவருக்கு இன்னும் கோபம் ஏறியது.

“பார்த்தீங்களா டீச்சர்? முக்கூடல்ல ஒருத்திக்கும் ஒண்ணும் இல்லையாம். இங்கன மட்டும் ஏன் இத்தனை பேர்? ஊரே சிரிக்குது!”

ப்ரீத்திதான் எழுந்து வந்தார்.

“சார், வலிக்குன்னு சொன்னா மறுநாளே டீமை விட்டுத் தூக்கிருவாங்கன்னு நிறைய ஸ்கூல்ல பிள்ளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுதாங்க. ஜவ்வு கிழிஞ்ச பிறகுதான் எங்ககிட்ட வாராங்க. ரீபா டீச்சர்கிட்ட பயப்படாமச் சொல்லுதாங்க. டீச்சர் திட்டாம, சரி பண்ணி அனுப்புதாங்க. அதுதான் இங்கன கூட்டம்.”

“நல்ல கூட்டம்! நம்ம வலியை நாமளே தண்டோரா போடணுமாக்கும்?” ரீபாவின் பக்கம் திரும்பினார். “ஃபைனல் முடியுற வரைக்கும் டீமை நம்ம இன்னொரு பி.டி. வாத்தியார் பெருமாள்ராஜ் சார் பார்த்துக்கிடட்டும்.”

ரீபாவின் முகம் வாடிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பொறுக்கி எடுத்து அவர் வளர்த்த டீம் அது. கோப்பையை வாங்கும்போது பக்கத்தில் நிற்க முடியாதென்றால் யாருக்குத்தான் வலிக்காது?

“சரி சார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கிரவுண்டை எனக்கு விட்டுக் குடுங்க. ஐஸ் நானே வாங்கிக்கிடுதேன்.”

“அதுதான் கூடவே கூடாது! மானத்தை வாங்குறதே இந்தச் சனிக்கிழமைதான். இன்னையோட நிப்பாட்டுங்க!”

ப்ரீத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று ரீபா கண்ணாலேயே தடுத்துவிட்டார். தன்மேல் பழி விழும்போது, தப்பிக்க வழி இருந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை.

அப்போது வரிசையின் கடைசியில் இருந்த பெண் ஐஸை அவிழ்த்துக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, நொண்டிக்கொண்டே தலைமையாசிரியர் முன்னால் வந்து நின்றாள்.

“சார், சனிக்கிழமையை மட்டும் நிப்பாட்டிராதீங்க. இதை விட்டா நாங்க எங்கன போவோம்?”

“ஏட்டி சங்கரி, பேசாம போய் உக்காரு!” ரீபா பதறினார்.

பிள்ளை கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் தலைமையாசிரியர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“நீ எதுக்கும்மா அழுத? பெருமாள்ராஜ் சார் இருக்காருல்லா? நம்ம பிள்ளைகளை அவர் நல்லாப் பார்த்துக்கிடுவார்.”

“உங்க பிள்ளைகளைப் பார்த்துக்கிடுவார் சார். நாங்க முக்கூடல் டீம்.”