இரண்டு பனை உயரம்

குலுக்கலில் மாக்கிரட்டின் பெயர் விழுந்தது.

கணவர் வேலை செய்யும் கம்பனியின் குடும்ப நாளுக்கு வந்தவர்களில் ஒருவருக்கு ஹெலிகொப்டர் சவாரி. எல்லோரும் கை தட்டினார்கள். கணவர் அருமைராசா தட்டிய தட்டில் பக்கத்துக் குழந்தை அழத் தொடங்கியது.

தலையிடி, பூசை, விருந்தாளி என்று ஏதாவது சாக்குச் சொல்லி இத்தனை வருடமும் இந்த நாளுக்கு வராமல் தப்பியவள். இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. மனம் கேட்காமல் லாசாலில் இருக்கும் வீட்டிலிருந்து அவரோடு வந்துவிட்டாள்.

அருமைராசாவுக்குக் கம்பனி என்றால் உயிர். அமெரிக்காவில் ஒரு கொட்டகையில் தொடங்கியதையும், போருக்கு விமானம் செய்ததையும், பிறகு ஹெலிகொப்டருக்கு மாறி மொன்றியலுக்கு வடக்கே தொழிற்சாலை போட்டதையும் தன் பாட்டன் பூட்டன் கதைபோலச் சொல்வார். இன்றும் மண்டபச் சுவரில் மாட்டியிருந்த படங்களின் முன்னால் அவளை நிறுத்தி ஒன்று விடாமல் சொன்னார். காட்டுத் தீயை அணைத்தது, மலையில் அகப்பட்டவர்களைத் தூக்கியது எல்லாம் படத்தில் இருந்தன.

ஒரு பழைய மொடலின் மூக்கைக் கண்டதும் அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

சண்டைக் காலத்தில் இப்படியொரு ராணுவ ஹெலிதான் ஊர்க் கடற்கரையில் அவளுடைய அண்ணன் யோசெப்பைச் சுட்டது. அவள் கோயில் மதிலோடு ஒட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். ஹெலி நின்றது இரண்டு பனை உயரத்துக்கு மேல் இருக்காது. அது வேறு கம்பனியின் ஹெலி என்று கல்யாணமான புதிதில் அருமைராசா ஒருமுறை சொன்னார். பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை.

அடக்கத்தன்று பங்குச் சுவாமியார் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“மேல நிண்டு பாத்தா ஆளோ ஆடோ எண்டு தெரியாது பிள்ளை. தெரியாமச் செய்தவனை மன்னிச்சு விடு.”

மன்னித்தாள். லேசில் அல்ல. அழுது, ஆண்டவரோடு சண்டை பிடித்து, செபமாலை உருட்டி, ஒருவழியாக மன்னித்தாள். அதற்குப் பிறகுதான் அவளால் இரவில் நித்திரை கொள்ள முடிந்தது.

இப்போது இந்தச் சவாரி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுவாமியார் சொன்னது சரிதான் என்று ஒருமுறை தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

“பயப்பிடாதையும். இது எங்கட கையாலை பூட்டிச் செய்த ஹெலி,” என்று அருமைராசா பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார்.

மேலே போகப் போக அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கார்கள் தீப்பெட்டி ஆயின. ஆட்கள் புள்ளி ஆனார்கள். சுவாமியார் பொய் சொல்லவில்லை. மாக்கிரட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஹெலி இறங்கத் தொடங்கியது. இரண்டு பனை உயரத்தில் விமானி அதை அப்படியே நிறுத்தி, கீழே நிற்பவர்களுக்குக் கை காட்டச் சொன்னான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

அருமைராசா தெரிந்தார். கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அவர் சிரிக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே ஆட்டினார்.

யோசெப்பும் அன்றைக்கு ஓடவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி, இப்படித்தான் ஆட்டிக்கொண்டு நின்றான்.