தொராக்குவின் பலம் இரண்டு லட்சம்

சாயங்காலம் டியூப்லைட் எரிந்ததும், வெளிச்சத்தை நம்பி வந்த அந்துப்பூச்சி ஒன்று சுவரில் இரண்டு பல்லிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. டிவியில் அன்றைய ஜப்பானிய அனிமே கார்ட்டூன் அப்போதுதான் முடிந்திருந்தது. மூன்றும் தினமும் அதைப் பார்க்கிறவைதான்.

"அண்ணே, கடைசியாக ஒரு சந்தேகம். தொராக்கு பெரியவனா, இசுமிரோ பெரியவனா?" என்றது பூச்சி.

நெருங்கி வந்த பல்லிகள் நின்றன.

"இதிலென்ன சந்தேகம்? தொராக்குதான். அவன் பலம் இரண்டு லட்சம்," என்றது வாலறுந்த பல்லி.

"போடா! இசுமிரோ ஒற்றை விரலால் மலையைப் பிளந்தவன். உன் ஆள் மலையைப் பார்த்திருக்கிறானா?" என்றது தடித்த பல்லி.

இரண்டும் முறைத்துக்கொண்டன. பூச்சி ஓசைப்படாமல் நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியை எட்டிவிட்டது. ஒரு தடவை சிறகடித்தால் உயிர் பிழைத்துவிடலாம்.

"ஏழாம் சீசனில் தொராக்கு தோற்றுத்தானே ஓடினான்!" என்று கத்தியது தடித்த பல்லி.

பூச்சி நின்றது. போய்விடத்தான் நினைத்தது. முடியவில்லை.

"அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல், அண்ணே!" என்று பறந்து வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

தடித்த பல்லி நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"காய்ச்சலா? எந்த எபிசோடில் சொன்னார்கள்?"