கடைசி ஊசி

"எமன் வந்தாச்சு. வாங்க, வெளியே போயிடலாம்."

யாரோ கிசுகிசுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முயல் அறை வாசலில் ஆராய்ச்சித் தலைவர் நின்றார். கையில் ஊசித் தட்டு.

"நானும் கூட இருக்கேன் சார்," என்றாள் கால்நடை டாக்டர்.

"வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே வேலைக்குச் சேர்ந்தபின் அவளுக்கு இதுதான் முதல் ஆராய்ச்சி. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில சமயம் உள்ளே குடல் ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் வலிக்கும். மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வரும். அதைத் தடுக்க ஒரு புது மருந்து. முயல்களுக்கு ஆபரேஷன் செய்து, பாதிக்கு மருந்து பூசி, பாதிக்குப் பூசாமல் தையல் போட்டவள் அவள். தீனி வைத்து, தடவிக்கொடுத்து, தேற்றியவளும் அவள்தான்.

ஆனால் மருந்து கேட்டதா என்று திறந்து பார்க்க வேண்டுமே! அதற்கு முன் முயலின் உயிரைப் போக்கப் போடும் அந்தக் கடைசி ஊசியை மட்டும் தலைவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"ஆபரேஷனுக்கு நான் வேணும். இதுக்கு மட்டும் என் மேல நம்பிக்கை இல்லையா?" லேப் டெக்னீஷியனிடம் பொரிந்தாள்.

"நம்பிக்கையாவது ஒண்ணாவது! மனுஷனுக்கு அதுல ஒரு ருசி மேடம். ரொம்ப வருஷமா இப்படித்தான். கேன்டீன்ல அவர் மேஜையில யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

மதியம் முடிவு தெரிந்தது. மருந்து பூசிய முயல்களுக்குக் குடல் ஒட்டவே இல்லை. வழவழவென்று இருந்தது. லேபே துள்ளிக் குதித்தது. கேக் வெட்டினார்கள்.

"எமனுக்கு யாரு கொண்டு போறது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போறேன்," என்றாள். கேக் கொடுக்க மட்டுமல்ல, நறுக்கென்று நாலு கேள்வி கேட்கவும்தான்.

காலிக் கூண்டுகளுக்கு நடுவே அவர் மட்டும் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டோம் சார். கேக்."

"வெச்சிட்டுப் போங்கம்மா. இன்னும் கழுவி முடிக்கல."

அவள் போகவில்லை.

"எல்லாம் நான் பார்த்துக்கிட்ட முயலுங்க. பக்கத்துல நான் இருந்திருந்தா மிரளாமலாவது போயிருக்கும். அப்படி என்ன சார் உங்களுக்கு இதுல ஒரு ஆசை?"

அவர் குழாயை மூடினார். கோபப்படவில்லை.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"மூணு. ஏன் சார்?"

"வீட்டுக்குப் போனதும் ஓடி வந்து, தூக்கச் சொல்லுமா?"

"ஆமா..."

"இந்த ஊசியைப் போட்ட அன்னைக்கு, அதே கையால குழந்தையைத் தூக்க மனசு வராதும்மா. இங்க எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க."

துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் அந்தத் தொந்தரவு இல்ல."