அம்மாவுக்கு ஒரு படம்

டோர்செட் பார்க் குடியிருப்புப் பகுதியில் ஒரு மாடிவீடு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் மங்கையற்கரசி கதிரையில் இருக்கிறாள். வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் அவளது ஒரு கன்னத்தில் மட்டும் படுகிறது. எதிரே தம்பி தங்கத்துரை கமராவைக் கண்ணில் வைத்துக் குனிந்து நிற்கிறார். அடுத்த கிழமை அம்மாவின் திவசம். கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய முதற் பெண்களில் ஒருத்தியான அம்மாவை யாரும் படம் எடுத்ததில்லை. அவள் பாம்பு கடித்து இறந்தபோது தங்கத்துரை பால்குடிப் பிள்ளை. அக்கா அம்மாவை உரித்துவைத்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த முகத்தையே படமெடுத்து, அம்மாவின் படமாகச் சட்டத்தில் போட்டு வைக்கப்போகிறார் தம்பி.

"கையை மடியில வையுங்கோ, அக்கா."

"அம்மா எப்பயடா இப்பிடிச் சும்மா இருந்தவ? ஒரு கோடாலியாவது தா." அவள் சிரிக்கிறாள். "உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போடப்போறாய், என்ன?"

பிறகு கூந்தலை அள்ளி, அம்மா முடிவதுபோல உச்சியில் இறுக்கி முடிகிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். ஹீற்றர் இரைகிறது. தங்கத்துரையின் விரல் பொத்தானில் இருக்கிறது, அமர்த்தவில்லை.

"எடுத்திட்டியோ?"

"இல்லை. இன்னும் கொஞ்சநேரம் அப்பிடியே இருங்கோ."