முப்பத்து மூன்று அங்குலம்

டூப்ரீ சட்டையைக் கழற்றியதும் பதினோரு பேர் எழுந்து நின்றார்கள்.

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்கு ஆள் பார்க்க, வடக்கு டகோட்டாவின் அந்தச் சிறிய கல்லூரிக்கு வந்தவர்கள். ஒருவர் அவன் தோளைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பின்னால் போய்த் தொடையைப் பார்த்தார்.

பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

பன்னிரண்டாவது ஆள் வெண்டல். டேப் அவர் கையில். வந்தவர்களில் மூத்தவர் அளந்து சத்தமாகச் சொல்வார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதுதான் வழக்கம்.

"கை முப்பத்தாறு."

யாரோ விசிலடித்தார்.

காலையில் மைதானத்தில் டூப்ரீ தன் காலே தடுக்கி இரண்டு முறை விழுந்திருந்தான்.

"கால் வைக்கிறதைக் கத்துக்கொடுத்துடலாம்யா," என்றார் பக்கத்தில் இருந்தவர். "கையை இழுத்து நீட்டிவிடவா முடியும்?"

இருபத்தாறு வருடமாக வெண்டல் கேட்கும் அதே பேச்சு. அப்படிக் கற்றுக்கொண்ட ஒருவனையும் அவர் பார்த்ததில்லை.

அடுத்து ஹாகன்.

ஹாகன் விழவில்லை. அவனைத் தாண்டி ஒருவனும் போகவும் இல்லை. அவன் கால் வைத்த விதத்தை வெண்டல் மட்டும்தான் நின்று பார்த்தார். மற்றவர்கள் காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பவனுக்குக் கை முப்பத்து மூன்று அங்குலமாவது வேண்டும். குறைந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். இருந்தால், அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்டின் முதல் மூன்று சுற்றுக்குள் ஹாகனுக்கு ஒரு வாழ்வு உண்டு. கடைசியான ஏழாவது சுற்றில் எடுக்கப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கோடைக்காலப் பயிற்சிதான். பிறகு வீட்டுக்குப் பஸ்.

வெண்டல் டேப்பைத் தோள் முனையில் வைத்து நடுவிரல் நுனிவரை இழுத்தார்.

"முப்பத்து ரெண்டரை."

பதினோரு பேனாக்கள் ஹாகனின் பெயர்மேல் கோடு போட்டன.

"வீட்ல அளந்தப்ப இன்னும் கூட இருந்துச்சே, சார்."

"வீட்டு டேப் பாசமா அளக்கும், தம்பி," என்றார் வெண்டல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹாகனும் சிரிக்கப் பார்த்தான்.

வெண்டல் காரை நெருங்கியபோது ஹாகன் பின்னாலேயே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் உடம்பைத்தான் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் என் ஆட்டத்தைப் பார்த்தீங்க."

வெண்டல் தலையசைத்தார். காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் அணியின் மேலாளரைப் போனில் அழைத்தார்.

"முப்பத்து மூணேகால்," என்றார். "அவசரமே இல்ல. ஏழாவது சுத்துல எடுத்துக்கலாம். வேற எவனும் தொடமாட்டான்."